அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை

மார்ச் 2, திங்கள்

இன்றைக்கு என் மாவு மில்லில் வெறும் மிளகாய்தான். பங்குனிப் பொங்கல் நெருங்கினால் இந்த ஊருக்குக் காரம் கூடிவிடும். தும்மித் தும்மித் தொண்டையே போய்விட்டது. குளித்த பிறகும் கை எரிகிறது, பேனா பிடித்தால் இன்னும் எரிகிறது. எரியட்டும். யாரிடமாவது பேசியாக வேண்டும், இந்த டைரி ஒன்றுதான் என்னை எதிர்த்துப் பேசாது.

ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். "பொங்கல் விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கும் மலேசியா வாழ் இளைஞர்கள்." இளைஞர்களாம்! பாதிப் பேருக்கு அங்கே முழங்கால் வலி. பதினாலு முகம், பதினாலு பேருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே சிவப்பு டை. காரைக்குடி ஸ்டுடியோக்காரன் கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே உடம்பை ஒட்டிவிட்டான். சேவுகமூர்த்தி, என் வீட்டுக்காரர், மேல் வரிசையில் இரண்டாவது. கீழே "சூப்பர்வைசர், கோலாலம்பூர்" என்று மஞ்சள் எழுத்து. என் மாமியார் வெயிலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தார், பொய் சொல்வானேன்.

அவர் ஒரு பரோட்டாக் கடையில் ஏனம் கழுவுகிறார். கடை இருக்கும் ஊருக்கும் கோலாலம்பூருக்கும் பஸ்ஸில் அரை நாள். பெர்மிட் முடிந்து ஆறு வருஷம். பழைய முதலாளி புதுப்பித்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தான், பிறகு கடையை விற்றுவிட்டுக் காணாமல் போனான். அதிலிருந்து இவர் தெருவில் தலை காட்டுவதில்லை. கடைக்குப் பின்னால் கழுவுவது, கடைக்கு மேலே படுப்பது. இது எனக்கும் மாமியாருக்கும் தெரியும். மற்ற பதின்மூன்று பேர் கதையும் ஏறக்குறைய இதுதான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஒருத்தர் வீட்டுக் கதையை இன்னொருத்தர் கேட்க மாட்டோம். அது எங்கள் ஊர் நாகரிகம்.

சிவராத்திரிக்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும்.

மார்ச் 5, வியாழன்

ரீசார்ஜ் இல்லை.

மத்தியானம் ஜெபமாலை கூப்பிட்டான். பக்கத்து ஊர்ப் பையன், அவரோடு அதே கடையில் வேலை பார்க்கிறவன், அவனுக்கும் பெர்மிட் கிடையாது.

"அண்ணி, பதறாதீக. அண்ணனைப் புடிச்சுட்டாக."

"எப்படா?"

"சிவராத்திரி முடிஞ்ச வாரம். நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன், தப்பிச்சேன்."

"இம்புட்டு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அய்யோ அண்ணி, நானே ஒளிஞ்சு கெடக்கேன். அண்ணன் எந்தக் கேம்ப்ல இருக்காருன்னே நேத்துத்தான் தெரிஞ்சுது. மொதல்ல பேரைச் சொல்லிக் கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லைன்னுட்டாக."

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. இப்போது பொது மன்னிப்பு நடக்கிறது. நம் நாட்டு ஆள்தான் என்று உறுதியானால் கேஸ் இல்லாமல் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏப்ரல் கடைசிவரை அவகாசம். அதற்குப் பிறகு மாட்டியவர்களுக்கு ஜெயில். உறுதி செய்ய தூதரகம் இங்கே கேட்டு எழுதும், நம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வருவார்.

"ஏட்டு கேட்டா, ஆமா எங்காளுதான்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான் அண்ணி. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

ஒரு வார்த்தைதானே. எனக்கு ஏழு வருஷமாகப் போன மூச்சு திரும்பி வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக என்னோடு இருக்காத மனிதர் வீட்டுக்கு வரப்போகிறார். கேம்ப்போ கீம்ப்போ, வரட்டும்.

மார்ச் 6, வெள்ளி

அத்தையிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "வினோதா காதுல விழுந்துச்சா?" என்றார். வினோதா என் நாத்தனார். வருகிற பதிமூன்றாம் தேதி நிச்சயதார்த்தம். தேவகோட்டைப் பக்கத்து மாப்பிள்ளை, அண்ணன்காரன் மலேசியாவில் சூப்பர்வைசர் என்று கேட்டுத்தான் வீட்டுப் படியேறினார்கள்.

"நிச்சயம் முடியுற வரைக்கும் வாயைத் தச்சுக்க ஆத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

தைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

எதிர்க்கட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு நாலு தடவை சுற்றியது. "இந்தத் தொகுதியிலிருந்து போன நம் சகோதரர்கள் அந்நிய மண்ணில் அனுமதியில்லாமல், முகாம்களில் வாடுகிறார்கள்! சட்டமன்ற உறுப்பினர் எங்கே?" மில்லுக்குள் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. காத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எந்தூர்லயோ நடக்குறதை இங்க வந்து கத்துறானுக பாரு. நம்ம ஆளுகளுக்கெல்லாம் பெர்மிட் இருக்கு" என்றாள் ஒருத்தி. "பின்னே?" என்றேன் நான். சத்தமாகவே சொன்னேன்.

வள்ளிக்கண்ணு மட்டும் மாவு அரைபடும் முன்னாலேயே எழுந்து போனாள். அவள் வீட்டுக்காரர் ஃபிளெக்ஸில் கீழ் வரிசையில் கடைசிப் படம். மேனேஜர்.

மார்ச் 9, திங்கள்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள், நிச்சயத்துக்கு எத்தனை தலை வரும் என்று பேச. மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்ததும் போனை நீட்டி, ஊர் முகப்பில் எடுத்த ஃபிளெக்ஸ் படத்தை எல்லாருக்கும் காட்டினார். "மச்சான் ஜம்முனு இருக்காப்லயே!" அத்தைக்கு முகமெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது. ஏட்டு பாலுச்சாமி. ஏழரை நமக்கு நேரம் பார்த்துத்தான் வரும்.

"சேவுகமூர்த்தி, தகப்பனார் பேரு சோணமுத்து. இந்த வீடுதானே?"

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பேருல இந்தச் சுத்துப்பட்டுல நூறு பேரு இருப்பாக. யாரைத் தேடுறீக?"

"மலேசியாவுல கேம்ப்ல இருக்காரும்மா. பெர்மிட் இல்லாம. உங்க ஆளா, இல்லையா, எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

உள்ளே தாய்மாமன் டம்ளரைக் கீழே வைக்காமலே கையில் பிடித்திருந்தார்.

"எம்மகன் சூப்பர்வைசரு. வர்ற வழியில பாக்கலியா? போர்டே வச்சிருக்காகளே" என்றார் அத்தை.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சம்சாரமா? இந்தப் படத்தைப் பாத்துச் சொல்லுங்கம்மா."

போனில் ஒரு படம். மொட்டைத் தலை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கையில் ஏதோ எண் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நிச்சயத்துக்கு நாற்பது பேர் வருகிறார்களாம்.

மார்ச் 10, செவ்வாய்

மில்லுக்குப் புது பெல்ட் வாங்க வேண்டும். சீனி தீர்ந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

அந்தப் படத்தில் இருந்தது அவராக இருக்க முடியாது. அவருக்கு நெற்றி நிறைய முடி. குளித்துவிட்டு வந்தால் சீப்புக்கு அடங்காது, என்னிடம் எண்ணெய் வைக்கச் சொல்வார். அந்த ஆளுக்கு வயது ஐம்பது இருக்கும்போல. இவருக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது.

கண் மட்டும் கொஞ்சம் அப்படி இருந்தது. கண் எல்லாருக்கும்தான் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. வினோதா பச்சைப் பட்டில் அழகாக இருந்தாள். சாம்பாரில் உப்பு தூக்கல், யாரும் குறை சொல்லவில்லை. அத்தை என் கையைப் பிடித்து, "இனி நீ போயி சொல்லிடு ஆத்தா" என்றார். திங்கட்கிழமை முதல் வேலையாக ஸ்டேஷன்.

மார்ச் 16, திங்கள்

ஏட்டு பாலுச்சாமி நல்ல மனிதர்தான், கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ரிப்போர்ட் அன்னைக்கே போயிருச்சும்மா. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அப்படித்தான் எழுதினேன். நீங்க சொன்னதைத்தானே எழுத முடியும்?"

"இப்ப மாத்தி எழுதுங்க சார்."

"நான் எழுதினதை நானே மாத்தினா என் வேலை போயிரும். மேல இருந்து மறுபடியும் கேக்கணும். கேட்டா வர்றேன்."

"யாருகிட்டப் போகணும்?"

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம். ஆனா தேர்தல் அறிவிச்சாச்சுல்ல, மனு நாள் கிடையாது. ஓட்டு எண்ணி முடியட்டும்."

ஓட்டு எண்ணுவது மே மாதம். மன்னிப்பு ஏப்ரலோடு முடிகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். எதில் ஏறினால் எங்கே போவது என்று புத்தியில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, வெயிலில் காயப்போட்டிருந்த மல்லியை எல்லாம் காலால் எத்தினேன். பிறகு நானே உட்கார்ந்து பொறுக்கினேன்.

மார்ச் 19, வியாழன்

எம்.எல்.ஏ. பிரசார ஜீப் சரியாக அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேயே வந்து நின்றது. இந்தத் தடவையும் அவர்தான் வேட்பாளர். எதிர்க்கட்சிக்காரன் சொன்னதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறார். மைக்கைப் பிடித்தார், மேலே கையைக் காட்டினார்.

"முகாம்ல வாடுறாகளாம்! யாருய்யா வாடுறது? இந்தா பாருங்க. சூப்பர்வைசர். மேனேஜர். டெக்னீஷியன். இவுகளா அனுமதியில்லாம இருக்குறவுக? என் தொகுதியில அப்படி ஒரு ஆளு கூட இல்லைன்னு சவால் விட்டுச் சொல்றேன். இந்த மண்ணோட மானத்தை வித்து ஓட்டு வாங்கப் பாக்குறான்!"

கைதட்டல். விசில். பதினாலு வீட்டுப் பெண்களும் நின்று தட்டினோம். நானும்தான். கை அதுபாட்டுக்குத் தட்டுகிறது, என்ன செய்ய.

கூட்டம் கலைந்ததும் ஒன்றியச் செயலாளர் முத்தழகைத் தனியாகப் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தங்கச்சி, தலைவரு இப்பத்தான் ஒருத்தருமில்லைன்னு சொல்லிட்டுப் போறாரு. அவரு வாய் ஈரம் காயலை. தேர்தல் முடியட்டும், நானே டெல்லி வரைக்கும் பேசுறேன்."

"தேர்தல் முடிஞ்சா அவுகளுக்கு ஜெயிலுண்ணே."

"வாயை மூடிக்கிட்டு இரு. அதுதான் ஒங்குடும்பத்துக்கும் நல்லது."

சாயங்காலம் எதிர்க்கட்சி ஆபீஸுக்கும் போனேன். ரோஷத்தைப் பார்த்தால் முடியுமா? அங்கே மரியாதைக்குக் குறைவில்லை, நாற்காலி போட்டு, குளிர்பானமெல்லாம் கொடுத்தார்கள். நாளைக்கே மேடை ஏற்றுகிறோம் என்றார்கள். பொறுப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மைக்கைப் புடிச்சா அழுதுருவீங்கள்ல? இந்தச் சேலை வேணாம், கொஞ்சம் பழசா ஒண்ணு கட்டிக்கங்க. நாங்க எழுதித் தர்றதைச் சொன்னாப் போதும்" என்றார். தொகுதியில் மூவாயிரம் பேர் கேம்ப்பில் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு ஒருத்தரைத்தாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குளிர்பானத்தை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன், அவ்வளவு தாகம்.

மார்ச் 22, ஞாயிறு

ஜெபமாலை. கேம்ப்பிலிருந்து வெளியே வந்த ஒரு ஆள் அவனிடம் சேதி சொல்லியிருக்கிறான். அவரைக் கூப்பிட்டு, உன் வீட்டில் நீ அவர்கள் ஆளே இல்லை என்கிறார்கள், உண்மையைச் சொல், நீ எந்த நாடு என்று கேட்டார்களாம். அதிலிருந்து இவர் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

"அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம் அண்ணி. சுகந்தியுமா அப்படிச் சொன்னான்னு."

"நான் மில்லுல இருந்தேன்" என்றேன். "ஏட்டு வந்தது எனக்குத் தெரியாது. அயித்தைதான் விவரமில்லாம ஏதோ சொல்லிட்டாக."

"அதானே" என்றான் ஜெபமாலை. "நானும் அப்படித்தான் சொல்லி விட்டேன். அண்ணி சொல்லியிருக்க மாட்டாகன்னு."

மார்ச் 24, செவ்வாய்

அதானே என்றான். மில்லில் ஒருத்தியின் கேப்பையையும் இன்னொருத்தியின் கம்பையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திட்டினார்கள். இன்னும் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் மற்றவர்கள் எழுதிவிடுவதற்கு முன்னால் நான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பொங்கலில் ஒரு வழக்கம். பொங்கல் பானை இறக்கியதும் கோயில் கமிட்டி மைக்கில் நன்கொடை கொடுத்தவர் பெயரை வாசிப்பார்கள். ஊரில் இருக்கிறவர் அவரே போய் வாங்குவார். வெளிநாட்டில் இருக்கிறவருக்காகச் சம்சாரம் மேடை ஏறிக் கோயில் துண்டும் தேங்காய்ப் பழத் தட்டும் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்த வீட்டுக்கு ஏதோ கெட்டது என்று அர்த்தம். இந்த வருஷம் துண்டு போட எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓட்டுக் கேட்க வரவில்லையாம், சாமி கும்பிட வந்தாராம். பின்னாலேயே இரண்டு டிவிக்காரர்களும் சாமி கும்பிட வந்திருந்தார்கள்.

"மலேசியா சேவுகமூர்த்தி, சூப்பர்வைசர்!" என்று வாசித்தார்கள். அத்தை என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். ஏறினேன். எம்.எல்.ஏ. துண்டைக் கொடுத்தார். காமிராவைப் பார்த்துக்கொண்டே மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சொல்லும்மா. ஒங்க வீட்டுக்காரரு அங்க எப்படி இருக்காரு? எதிர்க்கட்சிக்காரன் காதுல விழுற மாதிரிச் சொல்லு."

சத்தியமாக நான் ஒன்றும் நினைத்துக்கொண்டு போகவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். எப்படி இருக்காரு என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை இந்த ஏழு வருஷத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நல்லா இல்லைங்க" என்றேன்.

மைக்கில் என் குரல் கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

"அவுக சூப்பர்வைசர் இல்ல. பரோட்டாக் கடையில ஏனம் கழுவினாக. ஆறு வருசமா பெர்மிட் இல்ல. இப்ப கேம்ப்ல கெடக்காக. ஏட்டு வீட்டுக்கு வந்து, ஒங்காளான்னு கேட்டாரு. எங்க அயித்தை இல்லைன்னாக. எங்கிட்டப் படத்தைக் காட்டினாரு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அவுகதான்னு. சம்பந்தக்காரவுக உள்ள இருந்தாக. தெரியாதுன்னு தலையாட்டினேன். நானே தலையாட்டினேன். இப்பச் சொல்றேன், அவுக என் புருசன். யாராவது எழுதிக்கங்க."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். முத்தழகு கையைக் காட்ட, கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். எம்.எல்.ஏ. காதில் யாரோ ஏதோ சொன்னார், அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தேன். பதிமூன்று வீட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். கீழேதான் துப்பினாள், இருந்தாலும் எனக்குத்தான்.

மார்ச் 28, சனி

மில்லுக்கு ஒரு ஆள் வரவில்லை. மிஷினைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

மார்ச் 30, திங்கள்

வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறதாம். வினோதா வந்து காட்டினாள். நான் பேசுவதை வெட்டி, பின்னால் சினிமா அழுகைப் பாட்டுப் போட்டிருக்கிறான் எதிர்க்கட்சிக்காரன். இன்னொருத்தன் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிற மாதிரி நடித்து விட்டிருக்கிறான். அதற்கு லட்சம் பேர் சிரித்திருக்கிறார்கள்.

"இப்ப ஒங்களுக்குச் சந்தோசமா அண்ணி?" என்று கேட்டாள் வினோதா. தேவகோட்டையிலிருந்து, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று தாய்மாமன் போன் செய்தாராம். தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டுப் போய்விட்டாள். அவள்மேல் தப்பில்லை.

முத்தழகு மில் வாசலில் வண்டியை நிறுத்தாமலே, "எம்புட்டு வாங்கினே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் இவன் என்று எழுத வருகிறது, வேண்டாம்.

ஆனால் பாருங்கள் கூத்தை. சாயங்காலம் அதே எம்.எல்.ஏ. ஜீப்பில், "நம் சகோதரர் சேவுகமூர்த்தியை மீட்க நான் இன்றே கடிதம் அனுப்பிவிட்டேன்" என்கிறார். அந்தப் பக்கம் எதிர்க்கட்சி ஆட்டோ, "நாங்கள் குரல் கொடுத்ததால்தான்!" என்கிறது. ஏழு வருஷமாக ஒரு நாதியும் இல்லாத மனிதருக்கு இரண்டு கட்சியும் பங்காளி ஆகிவிட்டது. ஃபிளெக்ஸை மட்டும் யாரோ இருட்டோடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அத்தை என்னோடு பேசி மூன்று நாளாகிறது. சோறு மட்டும் எடுத்து மூடி வைக்கிறார்.

ஏப்ரல் 1, புதன்

ஏட்டு பாலுச்சாமி வந்தார். மேலே இருந்து மறுபடியும் கேட்டிருக்கிறார்களாம், அவசரம் என்று போட்டிருக்கிறார்களாம். நான் ஓடிப்போய், "நாந்தான் சொன்னேனே சார், எங்காளுதான்" என்றேன்.

"நீங்க சொன்னது ஊருக்கே தெரியும். போன தடவை இல்லைன்னு சொன்னது அவரோட அம்மா. பெத்தவுக வாயால வந்தாத்தான் நான் எழுத முடியும்."

அத்தை அடுப்படியிலிருந்து வரவே இல்லை. ஏட்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கேட்காமலே தரையில் உட்கார்ந்து, போனை அவர் முன்னால் வைத்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது இல்லை என்றால் எல்லாம் முடிந்தது, அப்புறம் எந்தச் சாமியாலும் முடியாது. அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அன்றைக்கு அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"அய்யோ, முடியெல்லாம் எங்கப்பா?" என்றார் படத்தைப் பார்த்து. பிறகு ஓங்கி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். "எம்புள்ளதான்யா. எம்புள்ளதான். நான் பாவி, பெத்த புள்ளையை இல்லைன்னேனே!"

நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏட்டு எழுதினார், அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். எழுந்தவர், போகவில்லை. போனைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பெரியாத்தா, இன்னும் அஞ்சு படம் இருக்கு. எல்லாம் இந்த ஊரு முகவரி. நான் போன அஞ்சு வீட்டுலயும் இல்லைன்னுட்டாக. நானும் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன். எனக்கு மனசு கேக்கலை. பாத்துச் சொல்லுங்க, யாரையாவது தெரியுதா?"

அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாருக்கும் மொட்டை. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காவிச் சட்டை. ஆனால் இந்தத் தெருவில் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத பிள்ளை எது? பெயரைச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்தினார். கொண்டையை முடிந்தார்.

"நடங்கய்யா, நானும் வர்றேன். ஒங்களுக்குச் சொல்லமாட்டாளுக. எம்மூஞ்சிக்கு நேரா எவ இல்லைங்கிறான்னு பாப்பம்."

முதலில் வள்ளிக்கண்ணு வீடு. அவள் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்த்தாள். அத்தை கதவில் கையைக் கொடுத்துவிட்டார்.

"ஏட்டி, நான் சொன்ன பொய்யை நீயும் சொல்லாத. எம்மகன் ரெண்டு நாளு பட்டினி கெடந்தானாம். ஒம்புருசன் எத்தனை நாளா கெடக்கானோ. பாருடி."

வள்ளிக்கண்ணு பார்க்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, "அவுகதான்" என்றாள். "போன மாசமே தெரியும் எனக்கு."

ஏப்ரல் 2, வியாழன்

மூன்று வீட்டில் ஆமாம் என்றார்கள். ஒரு வீட்டில், மகளுக்கு ஆவணியில் கல்யாணம், அதுவரை பொறுங்கள் என்று காலில் விழாத குறை. ஆவணிவரை யார் பொறுப்பார்? இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், ஏட்டுக்குப் பேண்ட் கிழிந்தது. நாளைக்கு மறுபடியும் போகலாம் என்கிறார் அத்தை.

வள்ளிக்கண்ணு கேழ்வரகு கொண்டுவந்தாள். இந்த வாரத்தில் முதல் அரைவை.

ஏப்ரல் 6, திங்கள்

அவர் ஊர் திரும்பத் தூதரகத்திலிருந்து பேப்பர் வந்துவிட்டதாம். பேப்பர் வந்தவர்களுக்கு ஒரு போன் பேச அனுமதி. மில் ஓடிக்கொண்டிருந்தது, தெரியாத நம்பர் என்று வெட்டப் பார்த்தேன். நல்ல வேளை, வெட்டவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன்.

"சுகந்தி" என்றார். குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் அவர்தான். படத்தைப்போல் இல்லை, கேட்ட அந்த நொடியே அவர்தான்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"ம். ஏட்டு வந்தப்ப நீ மில்லுல இருந்தியாமே. ஜெபமாலை சொல்லிவிட்டான்."

தலையாட்டியதை ஊர் முழுக்க மைக்கில் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் இவரிடம் சொல்ல நாக்கு புரளவில்லை.

"இல்ல. வீட்டுலதான் இருந்தேன். ஒங்க படத்தைக் காட்டினாரு. தெரியாதுன்னுட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு மொழியில் சத்தம் போட்டார்கள். இவர் வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன், வைக்கவில்லை.

"என்னையப் புடிச்ச அன்னைக்கு நானும் வேற பேருதான் சொன்னேன் சுகந்தி" என்றார். "ஊரையும் மாத்திச் சொன்னேன். பொண்டாட்டி புள்ள யாரும் இல்லைன்னேன். வினோதா நிச்சயம் முடியட்டும், சேதி ஊருக்குப் போயிரக் கூடாதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் உண்மையைச் சொன்னேன். நீங்க இல்லைன்னதும் அவனுக சுத்தமா நம்பலை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கூறு கெட்ட மனுசா" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். மில்லுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வரட்டும். அவரும் அழுதார்போல, இல்லை இருமினாரோ, சரியாகக் கேட்கவில்லை. அடுத்த வாரம் திருச்சிக்கு விமானம் என்றார். எம்.எல்.ஏ. மாலையோடு வரப்போகிறாராம், எதிர்க்கட்சிக்காரர்களும் வருகிறார்களாம், அங்கே கேம்ப்பில் இருக்கிறவருக்கே அது தெரிந்திருக்கிறது.

"சுகந்தி, ஊருக்குள்ள வந்து எப்படி மூஞ்சியைக் காட்டுறது?"

"நான் காட்டிக்கிட்டுத்தான திரியுறேன்" என்றேன். "நீங்க வாங்க."